தள்ளி வைக்கப்பட்டவை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் தமிழ்ப்பள்ளி ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். தெப்ராவில் ஒரு கருத்தரிப்பு கிளினிக்கில் தரை துடைத்தேன். துடைப்பம் பிடிக்கும் தோழிகளே, உங்களுக்கே தெரியும்: டாக்டரிடம் கேட்கப் பயந்ததையெல்லாம் ஜனங்கள் நம்மிடம்தான் கேட்பார்கள்.

மூச்சு

லேப்பில் வேலை செய்யும் தர்ஷினி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, ஐந்து நாள் படத்தைத் திரையில் வேகமாக ஓட்டிக் காட்டினாள். மணல் அளவுகூட இல்லாத கரு. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கடைசியில் நீர்க்குமிழி போல் உப்பியது. உள்ளே ஓரத்தில் ஒட்டியிருந்த சின்னக் கொத்துதான் குழந்தையாகுமாம், சுற்றியிருப்பது நஞ்சுக்கொடியாகுமாம். குமிழி சுருங்கியது, மறுபடி விரிந்தது. "மூச்சு விடுதாம்மா?" என்றேன்.

"மூச்சு இல்லக்கா. கூட்டை உடைச்சு வெளிய வரணும்ல, அதான் முட்டிப் பாக்குது."

ஒன்றே ஒன்று

லாபிஸ் ஊரிலிருந்து வந்தவர்கள் வசந்தாவும் மோகனும். மகள் கவிதாவுக்குத் தலசீமியா. மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். அடுத்த பிள்ளைக்கு அது வரக்கூடாதென்று இங்கே வந்தார்கள். கருவின் வெளிப்பக்கத்திலிருந்து கொஞ்சமே கொஞ்சம் கிள்ளிச் சோதிப்பார்களாம். உருவான கருக்களில் நோய் இருந்தவற்றைத் தள்ளி வைத்த பிறகு, நல்லதென்று மிஞ்சியது ஒன்றுதான். நான் வாய் சும்மா இருக்காமல், "பையனா இருக்கும்ல?" என்று கேட்டுவைத்தேன்.

"என்னவா இருந்தா என்னக்கா," என்றார் மோகன். "ஊசிக்குக் கை நீட்டாத பிள்ளையா இருந்தா போதும் லா."

கோயில் பூ

கருவை உள்ளே வைக்கும் நாளில் வசந்தா தலைநிறையக் கோயில் மல்லிகையோடு வந்தாள். லேப் பக்கம் எந்த வாசனையும் போகக்கூடாது, கருவுக்கு ஆகாது. நான் ஓடிப்போய்க் கதவை மறித்தேன். இருப்பதே ஒரு கரு, இதற்குள் வாசம் உள்ளே போயிருக்குமோ என்று எனக்குப் பயம். வசந்தாவோ, சாமிப் பூவை எப்படி எடுப்பது என்று அழுகிறாள். சத்தம் கேட்டுத் தர்ஷினி எட்டிப் பார்த்தாள்.

"எடுங்கக்கா. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன், உங்க பிள்ளைகிட்டதான் பேச முடியாது."

கவிதா

அம்மா உள்ளே இருந்தபோது கவிதா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முழங்கை மடிப்பில் பிளாஸ்டர். "ஆன்ட்டி, நான் பொறக்குறதுக்கு முன்னாடியே இங்க வந்திருந்தா என்னையும் தள்ளி வச்சிருப்பாங்கதானே?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னால் பொய். ஆமாம் என்று எந்த வாயால் சொல்வது? நான் மாப்பைப் பிழிந்தேன். பிழிந்த மாப்பையே மறுபடி பிழிந்தேன்.

"அப்பாவும் இப்படித்தான் சும்மா இருந்தாங்க," என்றாள்.

ஸ்கேன்

கரு தங்கிவிட்டது. ஸ்கேனுக்கு மூவரும் வந்தார்கள். அறைக் கதவு திறந்திருந்தது. திரையில் பயறு அளவில் ஒன்று, அதற்குள் ஏதோ மின்னி மின்னித் துடித்தது. இதயமாம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். மோகன் வாய்விட்டு அழுதார். கவிதா மட்டும் அழவில்லை. திரைக்குக் கிட்டே போய் நின்றாள்.

"அலமாக், இவ்ளோ சின்னதுலயா என்னைப் பாத்து வேணாம்னு சொல்லியிருப்பாங்க?"

வசந்தா படுத்தபடியே கை நீட்டி அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரமே நான் சூப்பர்வைசரைக் கெஞ்சி, கீழ்மாடிப் பல் கிளினிக்குக்கு வேலையை மாற்றிக்கொண்டேன். எது இருக்கலாம், எது வேண்டாம் என்று அங்கே முடிவு செய்வது பல்லைப் பற்றித்தான், பிடுங்கிய பல் யாரையும் கேள்வி கேட்பதில்லை.