வெறுங்கையால் வாசித்தவர்

பாரிசவாதத்தில் வலக்கை விழுந்த பிறகு அண்ணை தவிலைத் தொடவில்லை. எங்கள் மேளத்துக்கு அவர்தான் தலை, நான் நாதஸ்வரம். கொடியேற்றம் நெருங்கியபோது கோயில் தர்மகர்த்தா வந்து, "சும்மா வந்து நில்லுங்கோ, ஒரு சால்வை போடுவம்" என்றார். பாவம் பார்த்துப் போடும் சால்வை! எனக்கே பற்றிக்கொண்டு வந்தது.

"வாசிக்காதவனுக்கு மேளத்துக்குள்ளை என்ன வேலை?" என்று சொல்லிவிட்டு அண்ணை உள்ளே போய்விட்டார். 

அந்த நாட்களில் எனக்கு டாங்கோ பைத்தியம். பருத்தித்துறை பஸ்ஸிலும் காதில் அதுதான். அர்ஜென்டினாவில் அந்த இசை கொடிகட்டிப் பறந்த காலத்து வாத்தியக்குழுத் தலைவர்களை நினைத்தால் இப்போதும் மலைப்பாக இருக்கிறது. ஒருவர் பியானோவில் இருந்தபடியே மொத்தக் குழுவையும் இழுத்துப் போவார். இன்னொருவர் பண்டோனியன் என்ற துருத்திப் பெட்டியை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடுவார். குழு முழுவதும் மூச்சடக்கும். எங்கிருந்து வந்த மனிதர்களப்பா இவர்கள்!

ஒரு மத்தியானம் அண்ணைக்கும் போட்டுக் காட்டினேன்.

"தவில் எங்கையடா?"

"இல்லை அண்ணை."

"விசரே உனக்கு? அப்ப இந்த அடி எங்கையிருந்து வருது?"

வயலின்காரருக்குப் பின்னால் ஒரு தவில்காரன் ஒளிந்திருக்கிறான் என்றே கைபேசித் திரையைத் துழாவினார். குறை சொல்லமாட்டேன். நானும் அப்படித்தான் தேடினேன். துருத்தி, வயலின், பியானோ எல்லாம் ஒரே நொடியில் சேர்ந்து கடிப்பதுதான் அந்த அடி.

பிறகு, வயலினைக் கீழே வைத்துவிட்டுக் குழுவை நடத்திய வேறொரு தலைவரின் வீடியோவைப் போட்டேன். கோட்டுப் போட்ட வயதானவர், கையில் ஒன்றுமில்லை. துருத்திக்காரர்மேல் குனிகிறார், விரலை ஆட்டி மிரட்டுகிறார், கெஞ்சுகிறார். அவர் திரும்பும் பக்கமெல்லாம் இசை துள்ளி எழுகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"உந்த மனுசன் என்ன வாசிக்கிறார்?"

"ஒண்டும் வாசிக்கேல்லை."

அண்ணை இடக்கையால் கைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு, "திருப்பிப் போடு" என்றார்.

கொடியேற்றத்தன்று அண்ணை வந்தார். எங்கள் மேளத்தின் தவில்காரர் இருவருக்கும் எதிரே போய் நின்றார். இடக்கை விரல் எழுந்தது. ஒருவன்மேல் குனிந்தார், மற்றவனைப் புருவத்தால் இழுத்தார். கையை விரித்ததும் எல்லோரும் நின்றோம், வீதியும் நின்றது. கை இறங்கியபோது விழுந்த அடி அண்ணையின் பழைய அடிதான். என் கண் கலங்கி ஊதுவதே சிரமமாகிவிட்டது.

தர்மகர்த்தா சால்வையோடு வந்தார். அண்ணை திரும்பியும் பார்க்கவில்லை.

"பொறுங்கோ, வாசிச்சுக்கொண்டெல்லே நிக்கிறன்."