கூழின் நிறை

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளின் நடுவில், என் பத்தொன்பதாவது வயதில், அரசாங்க எழுதுவினைஞர் பரீட்சையில் தேறிவிட்டு உடம்புப் பரீட்சையில் தோற்றவன் நான். பட்டணத்து டாக்குத்தர் என்னை நிறுத்துப் பார்த்து, வேண்டிய நிறைக்கு ஆறு இறாத்தல் குறைவு என்றார். மூன்று மாதம் கழித்து இன்னொரு தரம் வரலாம். அப்போதும் குறைந்தால் வேலை இல்லை. சண்டிலிப்பாயில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம் இருந்ததுதான். ஆனால் படிக்கிற பிள்ளை என்று மண்வெட்டியைத் தொடவிடாமல் வளர்க்கப்பட்டவனுக்கு அதனால் என்ன பயன்?

பரியாரியார் லேகியம் சொன்னார். மாமா நல்லெண்ணெய் சொன்னார். எனக்குத்தான் விஞ்ஞானம் தெரியுமே, இரண்டையும் தள்ளிவிட்டேன். எதையும் அளந்து, எழுதிப் பார்த்தே நம்ப வேண்டும் என்று பள்ளிக்கூடச் சுகாதாரப் புத்தகத்தில் படித்திருந்தேன். எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினேன். தினமும் இரண்டு முட்டை, ஒரு செம்பு பால், பெலன் வீணாகக்கூடாதென்று பகல் முழுக்கப் படுக்கை. ஞாயிறுதோறும் ஐயாவின் புகையிலைத் தராசை மாமரக் கொப்பில் கட்டி ஒரு தட்டில் ஏறிக் குந்துவேன். மற்றத் தட்டில் அக்கா படிக்கல் வைப்பாள்.

ஐந்தாவது ஞாயிறு நான்கு இறாத்தல் கூடியிருந்தது. எனக்குத் தலைகால் தெரியவில்லை. அக்கா மட்டும் கொப்பியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி, முதல் முதல் எப்ப நிறுத்தனி?"

"விடியக் காலமை. வெறும் வயித்தோடை."

"பிறகு?"

பிறகெல்லாம் ஞாயிறு மத்தியானம். எங்கள் வீட்டில் ஞாயிறென்றால் பனங்கிழங்கு மாவிலான ஒடியற்கூழ். கொழும்புத்துறை நண்டு போட்டுக் காய்ச்சி, முற்றத்தில் வட்டமாக இருந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக் குடிப்போம். நான் நாலு பிளா குடித்துவிட்டு நேரே மாமரத்தடிக்குப் போவேன்.

"ஈரம் பாக்காமல் ஐயா ஆரின்ரை புகையிலைச் சிப்பத்தையும் நிறுப்பாரோ? நீ கூழை நிறுத்திருக்கிறாய்."

எட்டு வயதிலேயே புகையிலையைக் கிள்ளி ஈரம் சொன்னவன் நான். மறுநாள் விடிய வெறும் வயிற்றோடு ஏறினேன். முதல் நிறையைவிட அரை இறாத்தல் குறைவு. வெட்கமும் கோபமுமாகக் கொப்பியைக் கிழிக்கப் போனேன். அவள் பறித்துக்கொண்டாள்.

"இனி இது என்னட்டை. நீ அங்காலை பாத்துக்கொண்டு ஏறு, நான் எழுதிறன். ஆசைப்படுகிறவன் தராசைப் பாக்கக்கூடாது. முட்டையும் பாலும் இருக்கட்டும், படுக்கையை மட்டும் மாத்திப் பாப்பம். படுத்துக் கிடக்கிறவனுக்கு என்னெண்டு பசிக்கும்? துலா மிதி."

கிணற்றுத் துலா மரத்தின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்தால்தான் தோட்டத்துக்குத் தண்ணீர். முதல் நாள் கால் வெடவெடத்தது. கீழே தண்ணீர்ப் பட்டை பிடித்து நின்ற ஐயா, "உவன் கிணத்துக்கை விழப்போறான்" என்றார். மூன்றாம் வாரம் அகோரப் பசி வந்தது. குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும் போன இடம் தெரியவில்லை. சட்டை தோளில் இறுகியது. நிறையை மட்டும் எவ்வளவு கெஞ்சியும் அக்கா சொல்லவில்லை.

டாக்குத்தரிடம் போகும் காலையில் ஒரு செம்பு நிறையக் கூழோடு வந்து நின்றாள்.

"குடி."

"நீதானே இது கள்ள நிறை எண்டனி?"

"உனக்கு நீயே பொய் சொல்லாதை எண்டனான். டாக்குத்தரைப் பற்றி நான் ஒண்டும் சொல்லேல்லை."

கை செம்புவரைக்கும் போனதை மறைக்கமாட்டேன். ஆனால் இரண்டு மாதம் துலா மிதித்த காலுக்கு அது துரோகமாகப் பட்டது. வெறும் வயிற்றோடு போனேன். நிறுக்கும் மெசினில் ஏறியதும் பழக்கதோஷத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"ஏன் காணும் சுவரைப் பாக்கிறீர்? இரண்டு இறாத்தல் கூடவே இருக்கு," என்றார் டாக்குத்தர்.

வீட்டுக்கு ஓடிவந்து முதல் வேலையாகக் கொப்பியை வாங்கிப் பார்த்தேன். மூன்று ஞாயிற்றுக்கு முன்பே வேண்டிய நிறை வந்திருந்தது. அவளுடைய குண்டு எழுத்தில் பிசகில்லாமல் எழுதியிருந்தாள்.

"தெரிஞ்சுகொண்டே ஏனக்கா கூழ் காய்ச்சினாய்?"

"தெரிஞ்சாப்போலை பயம் விடுமோ?" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

ஆறிப்போன கூழை இருவரும் பங்கிட்டுக் குடித்தோம். அன்றைக்கு யாரும் நிறுக்கவில்லை.