கத்தி படாத உடம்பு

குட்ஷெட் பஸ் ஸ்டாண்டில் படி தவறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது எனக்கு எழுபது தாண்டியிருந்தது. மாநகரசபையில் வீடு, கடைகளுக்கு வரி அறவிடும் சோலைவரிப் பகுதியில் கிளாக்காக இருந்து பென்ஷன் எடுத்தவள் நான். கல்யாணம் கட்டவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஆஸ்பத்திரியில் எல்லோரும் என்மேல் பரிதாபப்பட்டார்கள். இடுப்பு முறிந்ததற்குக்கூட அவ்வளவு பரிதாபம் கிடைக்கவில்லை.

எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. தாதிமார் என்னை 'ஆச்சி' என்று கூப்பிட்டார்கள். யாருக்கும் ஆச்சியாக இல்லாதவளுக்கு வார்ட்டுக்குள் நுழைந்த கையோடு அந்தப் பதவி கிடைத்தது. பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஆட்களோ என்னை 'டீச்சர்' என்றார்கள். நான் ஆயுளில் ஒரு பிள்ளைக்கும் படிப்பித்தது கிடையாது. தனியாக வாழும் வயசான பொம்பளை, கண்ணாடி போட்டிருக்கிறாள், பேப்பர் வாசிக்கிறாள் என்றால் டீச்சராகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தப் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் கட்டுகஸ்தோட்டையில் பெரிய ஹார்ட்வெயார் கடை வைத்திருந்தவரின் மனைவி. புருஷன் காலமாகிவிட்டார். அந்த அம்மாவுக்கும் என் வயதுதான், என் முறிவுதான். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஒரேயொரு வித்தியாசம், அவருக்கு நான்கு ஆண்பிள்ளைகள். பார்வையாளர் நேரம் வந்ததும் நான்கு பேரும், நான்கு மருமக்களும் வந்து கட்டிலைச் சுற்றி நின்றுவிடுவார்கள். காற்று வராது. ஹோர்லிக்ஸ் போத்தல்கள் அலுமாரி நிறைந்து கட்டிலுக்குக் கீழேயும் இறங்கின. அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்பது அந்த எட்டுப் பேரில் ஒருவருக்கும் நினைவில்லை.

பெரிய டொக்டர் ஒருநாள் வந்து நின்று எனக்கு விளக்கம் சொல்லாமல் என் கட்டிலுக்கு அந்தப் பக்கம் யாரையோ தேடினார். மகன், மகள், யாராவது. யாருமில்லை என்று தெரிந்தபிறகுதான் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்துப் பேசினார். முறிந்த இடத்தை எடுத்துவிட்டு உலோக மூட்டு வைப்பதாகவும், வயதுக்குரிய ஆபத்து உண்டென்றும், செய்யாவிட்டால் இனி நடக்கமாட்டேன் என்றும் சொன்னார். செய்யுங்கள் என்றேன். கையெழுத்து வாங்க வந்த தாதி, சொந்தக்காரர் யாராவது வரட்டும் என்று தயங்கினார்.

"முறிஞ்சது இடுப்புதான் மிஸ், கை இல்ல. பேனாவக் குடுங்க" என்றேன்.

பக்கத்துக் கட்டிலிலும் டொக்டர் அதே கதையைத்தான் சொன்னார். ஆனால் கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஆங்கிலத்தில், நான்கு பிள்ளைகளிடம் சொன்னார். யாருடைய இடுப்போ அவர் தலையணையில் கிடந்து ஒவ்வொரு வாயாகப் பார்த்துக்கொண்டிருந்தார். டொக்டர் சொன்னதில் முதல் பாதி ஆபத்து, இரண்டாம் பாதி நடை. பிள்ளைகளின் காது முதல் பாதியோடு மூடிக்கொண்டது. டொக்டர் போனதும் மூத்தவர் தாயின் நெற்றியைத் தடவி, பயப்படவேண்டாம், உங்களை வெட்ட விடமாட்டோம் என்றார். கடைசிப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டார். மருமக்கள் தலையாட்டினார்கள். ஒரு கொலைகாரனிடமிருந்து தாயைக் காப்பாற்றிவிட்டது போலிருந்தது அந்தக் குடும்பம்.

நான் சும்மா கிடந்திருக்கலாம். முடியவில்லை. "ஒப்பரேஷன் செஞ்சா நீங்க நடக்கலாம்னுதான் டொக்டர் சொன்னார்" என்று அந்த அம்மாவிடம் நேரே சொன்னேன்.

அவர் முகம் சட்டென்று என் பக்கம் திரும்பியது. "அப்படியா? அப்ப செய்யச் சொல்லுங்க. எனக்கு நடக்கணும்."

நான்கு பேருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். மூத்தவர் அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்க தனியாளு டீச்சர். பெத்த தாய கத்திக்குக் குடுக்கிறது எப்படின்னு ஒங்களுக்கு வெளங்காது." ஒரு மருமகள் அந்த அம்மாவின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டாள்.

என்னை இரண்டு தடவை பட்டினி போட்டு, இரண்டு தடவையும் ஒப்பரேஷன் தியேட்டரில் இடமில்லை என்று சாயங்காலம் தேத்தண்ணி தந்தார்கள். பட்டினி கிடக்கும் கிழவிக்குத் தலை சுற்றுமா என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மூன்றாம் முறை கொண்டுபோனார்கள். திரும்பி வந்து ஒரு நாள் முழுக்க நான் வரி கட்டாத ஆட்களைச் சிங்களத்தில் அதட்டிக்கொண்டிருந்தேனாம். மயக்க மருந்தின் வேலை. அந்த அம்மாதான் பிறகு சிரித்துச் சிரித்துச் சொன்னார். அடுத்த நாளே நடை பழக்கும் பிசியோ பிள்ளை வந்து எழும்பச் சொன்னாள். வலியில் அவளுடைய ஏழு தலைமுறையையும் மனதுக்குள் திட்டிக்கொண்டு, வோக்கரைப் பிடித்து நான்கடி வைத்தேன். பக்கத்துக் கட்டிலிலிருந்து இரண்டு கண்கள் என் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.

அதற்குள் பிள்ளைகள் தாயை வீட்டுக்குக் கொண்டுபோக ஒரு வேன் கொண்டுவந்துவிட்டார்கள். மெத்தை, தலையணை, பூப்போட்ட போர்வை. இவ்வளவு அன்பான பிள்ளைகளை இந்தக் காலத்தில் பார்க்க முடியுமா என்று வார்ட்டில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எதிர்க்கட்டில்காரி என்னைப் பார்த்து, "பாவம், ஒங்களுக்குத்தான் யாருமில்ல" என்றாள். நான் அப்போது யாருடைய உதவியும் இல்லாமல் கக்கூசுக்குப் போய்விட்டு வந்துகொண்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து, கைத்தடியோடு ஆட்டோ ஏறிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனேன். மூத்த மகன் என்னை வரவேற்று, தாயைப் பார்க்குமுன் தாயின் அறையைக் காட்டினார். புதிய டீவி, காற்று நிரப்பிய மெத்தை, பார்த்துக்கொள்ள ஒரு பெண். "அம்மாவ ராணி மாதிரி வெச்சிருக்கோம் டீச்சர். ஒரு தும்பு தூக்க விடுறதில்ல." அத்தனையும் உண்மை. படுக்கைப் புண்ணின் வாடையும் உண்மை. அதை மறைக்க ஊதுவத்தி கொளுத்தியிருந்தார்கள்.

ராணி பாதியாகிவிட்டிருந்தார். கதிரையைக் கிட்ட இழுத்து உட்காரப்போனேன்.

"ஒக்காராதீங்க. நடந்து காட்டுங்க" என்றார்.

ஜன்னல் வரை போனேன். திரும்பி வந்தேன். இன்னொரு தடவை என்றார், போனேன். தடி இல்லாமல் என்றார். சுவரைத் தொட்டுக்கொண்டு அதையும் செய்தேன். அவர் மகனைக் கூப்பிட்டு, தன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும், ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்று சொன்னார். வெளி ஆள் ஒருத்தி நிற்கும்போது மறுக்க முடியாமல் மூத்தவர் சரியென்றார்.

கொண்டும் போனார்கள். புண்ணில் கிருமி, நெஞ்சில் சளி, இந்த நிலையில் மயக்க மருந்து தாங்காது, இதையெல்லாம் ஆறவைத்துப் பார்க்கலாம் என்று டொக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். மூத்தவர் அன்று எனக்கு டெலிபோன் எடுத்தார். குரலில் கவலை இருந்தது; அதற்கு மேலே ஒரு வெற்றி இருந்தது.

"நாங்க அன்னைக்கே சொன்னோமே டீச்சர். இப்ப டொக்டரே அதத்தான் சொல்றார்."

டெலிபோனை வைத்துவிட்டேன். சில ஆட்களுக்குப் பதில் சொல்வது நம்முடைய மூச்சுக்குக் கேடு.

புண் ஆறவில்லை. அடுத்த மழைக்காலம் முடியுமுன் அவர் செத்துப்போனார். செத்தவீட்டை நன்றாகச் செய்தார்கள். பேப்பரில் படத்தோடு அறிவித்தல், பாலத்தடி வரை பேனர், பறைமேளம். வந்தவர்களிடமெல்லாம் மூத்தவர் ஒரே வசனத்தைச் சொன்னார்: "கடைசி வரைக்கும் கத்தி படாமப் பாத்துக்கிட்டோம்." கேட்டவர்கள் நெகிழ்ந்துபோனார்கள். ஒருத்தர் தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பார்த்துப் படியுங்கள் என்றார்.

நான் கிளம்பியபோது கடைசி மகன் தன் காரில் கொண்டுவிடுவதாகச் சொன்னார். ஊரைத் தாண்டியதும் காரின் வேகத்தைக் குறைத்தார். பிறகு, அம்மா உண்மையாகவே ஒப்பரேஷனுக்கு ஆசைப்பட்டாரா என்று கேட்டார்.

"நீங்க நாலு பேரும் நிக்கிறப்பதானே சொன்னாங்க, எனக்கு நடக்கணும்னு. நீங்களும் அங்கதான் நின்னீங்க."

"அவங்க பயத்துல ஏதோ பேசுறாங்கன்னு அண்ணன் சொன்னார்."

"பயந்தது அவங்க இல்ல தம்பி."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி, ஓடிவந்து கதவைத் திறந்து, என்னைப் பிடித்து இறக்கக் கையை நீட்டினார். முகம் அழுது வீங்கியிருந்தது. கையை எடுக்கச் சொன்னேன். தடியை ஊன்றி நானே இறங்கிக்கொண்டேன்.