பட்டியலில் இல்லாத சொனாட்டா

பியானோ தேர்வு விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன: பட்டியலில் இல்லாத உருப்படி ஒன்றை வாசிக்க விரும்புபவர் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும், மூன்று வாரத்துக்குள் பதில் தரப்படும்.

அரசுச் செயலகத்தில் பணி ஓய்வுக்குப் பிறகு பிரேசர் டவுனில் ஒரு டீச்சரிடம் பியானோ கற்றுக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுப் பட்டியலில் இருந்த சொனாட்டாக்கள் எல்லாம் மந்திரி வருகை மாதிரி: முன்னால் சைரன், பின்னால் புழுதி. என் வயதுக்கு விரல்கள் அந்த வேகத்துக்கு வராது. டீச்சரின் அலமாரியில் இன்னொன்று கிடைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஏதோ சிறிய அரண்மனையில் சம்பளத்துக்கு இருந்தவர் எழுதியது, யாரும் வாசிப்பதில்லை. அது ஒரு கேள்வியைத் தொடங்கும். பாதியில் நிறுத்திச் சற்று நேரம் சும்மா இருக்கும். பிறகு, கேட்டதே தப்போ என்பதுபோல, வேறு சுருதியில் மறுபடி ஆரம்பிக்கும். வேடிக்கை பேசும்போதும் குரல் உயராது. வாழ்நாள் முழுக்க ஃபைலில் குறிப்பெழுதியவனுக்கு அந்தத் தயக்கம் நன்றாகப் புரிந்தது. வாசித்தால் இதைத்தான் வாசிப்பது, இல்லாவிட்டால் தேர்வே வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

விண்ணப்பத்தின் தலையில் ‘த்ரூ ப்ராப்பர் சானல்’ என்று எழுதி, ஊரில் தேர்வு நடத்தும் பிரதிநிதியிடம் கொடுத்தேன். அவர் மேலே அனுப்புவார் என்று நம்பினேன். கெடு தாண்டியது, தேர்வும் நெருங்கியது.

டீச்சர் விசாரித்துவிட்டு வந்தார். “சார், உங்க லெட்டர் அவரு டேபிள்லயே கிடக்கு. அவருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையாம். எக்ஸாம் போர்டுக்கு நேரா மெயில் போட்டிருக்கணும்.”

“நேரா எழுதறது முறையில்லையேம்மா.”

“ஐயோ சார், இது என்ன விதான சௌதாவா?”

வீட்டில் மனைவி அதற்கும் மேலே போனாள். “எத்தனை பேருக்கு மெமோ குடுத்தீங்க! ஒரு மெயில் போட கை வரலியா? போடுங்க.”

போட்டேன். நடுவில் வரும் மௌனம் சொனாட்டாவில் உள்ளது, என் மறதி அல்ல என்றும் சேர்த்துக்கொண்டேன். அனுமதி வராவிட்டால் பெயரைத் திரும்பப் பெறும் மெயிலையும் எழுதி வைத்திருந்தேன்.

அதை அனுப்ப வேண்டிவரவில்லை. ஆட்சேபனை இல்லை, வாசிக்கலாம் என்று இரண்டே வரி. படித்துவிட்டு அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அன்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள்; மறுநாள் பியானோவும் பூஜையில், தொடக் கூடாது.