உப்புத் தின்ற குளம்

வீதி ஐஸ் கரையட்டும் என்று ஊரார் கொட்டும் உப்பு கடைசியில் போய்ச் சேரும் இடத்தில், போத்தலும் கையுமாக நிற்பதுதான் குளத்து நீரை ஆராயும் எங்கள் தொழில். சப்பாத்தின் வெள்ளை உப்புக் கறையைக் கார்ப்பெட்டில் பதித்து வீட்டில் திட்டு வாங்கிய ரொறன்ரோவாசிகள் எல்லாரும் எனக்குச் சொந்தம். அந்தக் கறையின் மிச்சத்தைத்தான் நான் குளங்களில் தேடுகிறேன்.

ஐஸில் ஓர் ஓட்டை

ஸ்கார்பரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். பார்க்கிங் லொட்டில் உருகும் பனியெல்லாம் பின்னாலுள்ள சின்னக் குளத்துக்குத்தான் போகும். மாசிக் குளிரில் அதன் ஐஸைத் துளைத்துத் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். கட்டடத்தைப் பராமரிக்கும் சிவம் அண்ணை பதறிக்கொண்டு ஓடி வந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று பார்க்கிறேன் என்றேன்.

“அதுக்கு ஏன் தங்கச்சி ஐஸை ஓட்டை போடுறீர்? உப்புப் போட்டவன் நான் நிக்கிறன், என்னைக் கேளும்.”

இடுப்பெலும்பு

அண்ணை உப்புப் போடுவது கலியாண வீட்டில் சோறு போடுவது மாதிரி. போதும் என்றாலும் நிறுத்தமாட்டார். இவ்வளவு போட்டால் குளத்துப் பாசிக்கு ஆகாது என்று மெல்லச் சொன்னேன். அப்போதுதான் கதை வந்தது. முந்திய மாரிப் பனியில் அவர் மனைவி மனோ அக்கா வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டவர். அதன்பிறகு பனிக்காலத்தில் வெளியே கால் வைப்பதில்லை. கோடையில் குளக்கரை மர வாங்கில், அந்த நீள இருக்கையில், வந்து உட்காருவது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சிய உலாத்தல்.

“பாசிக்கு இடுப்பெலும்பு இல்லைத் தங்கச்சி.”

ஆடும் புல்லும்

கோடையில் குளம் பச்சைக் கூழாகி நாறியது. அக்கா வாங்குக்கு வருவதையும் விட்டுவிட்டார். நான் போன நேரம் அண்ணை மிஞ்சிய உப்பு மூட்டையைக் குளத்தில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தூவினால் நத்தை சாகிறதே, பாசியும் சாகாதா என்பது அவர் கணக்கு. எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

என் வாகனத்திலிருந்த நுணுக்குக்காட்டியில், காலையில் யூனியன்வில் குளமொன்றில் அள்ளிய தண்ணீரை முதலில் காட்டினேன். கடுகளவுகூட இல்லாத தண்ணீர்த் தெள்ளு என்ற உயிரிகள் பாசியை மேய்ந்தபடி துள்ளின. கண்ணாடி ஓட்டுக்குள் வாழும் பாசிகள் மினுங்கின. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. பிறகு அவருடைய குளத்துத் துளி. மேய்வதற்கு ஒரு தெள்ளுகூட இல்லை, கண்ணாடிப் பாசியும் ஒன்றிரண்டுதான். உப்பைத் தாங்கும் நீலப்பச்சைப் பாசி கேட்பாரில்லாமல் பெருகியிருந்தது. அண்ணை நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

“ஆடுகளைக் கொன்றுபோட்டு, புல்லு ஏன் வளருது எண்டு கேட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன்.”

வாங்கு

அடுத்த மாரியில் அந்த மனிதரைப் பார்த்து மலைத்துப்போனேன். பனி இறுகி ஐஸாகும் முன்பே எழுந்து பனி அள்ளும் சவளால் வழித்துவிடுவார். சரிவில் மணல். வாசலில் மட்டும் ஒரு பிடி உப்பு. ஒருவரும் விழவில்லை. குளம் ஒரே வருடத்தில் திருந்திவிடவில்லைதான். ஆனால் இந்தக் கோடையில் நாற்றம் குறைந்தது, துளியில் இரண்டொரு தெள்ளும் தெரிந்தது. மனோ அக்கா வாங்கில் உட்கார்ந்திருந்தார். அண்ணையைப் புகழ்ந்து தள்ளினேன். அக்கா சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“கட்டின நாள் தொட்டுக் கறிக்கு உப்புக் காணாது எண்டு சண்டை பிடிச்ச மனுசன், இப்பதான் கையைச் சுருக்கப் பழகியிருக்கு.”

எத்தனையோ போத்தல் தண்ணீர் அள்ளியும் என்னால் குறைக்க முடியாத உப்பு, அக்கா உட்கார ஓர் இடம் வேண்டும் என்றதும் குறைந்ததென்றால், இனி ஆய்வுகூடத்தில் போத்தல் கேட்பதை விட்டு வாங்கு கேட்கலாம் என்றிருக்கிறேன்.