கோணிச் சட்டை

ஜனவரி 11, காலை ஆறு இருபது, நான்கு டிகிரி. டெல்லி சரோஜினி நகரில் எதிர்வீடு தெரியாத பனி. தெருவில் நடுங்கிய பசுவைக் காலனி கேட்டுக்குள் விட்டு, முதுகில் இரண்டு கோணிகளைக் கட்டினேன். ஈரச் சணல் வாசனை வந்ததும் சிறுவயதில் குடியிருந்த கோல் மார்க்கெட் அரசு குவார்ட்டர்ஸ் நினைவு வந்துவிட்டது.

அங்கே பின்கட்டில் அம்மா விதியை மீறிப் பசு வளர்த்தாள். குளிர்காலத்தில் அதற்குக் கோணியில் சட்டை தைப்பாள், மடிவெடிப்புக்குக் கடுகெண்ணெய் தடவுவாள், குடிக்க வெந்நீர் வைப்பாள். ஒருநாள் குவார்ட்டர்ஸ் இன்ஸ்பெக்டர் ஒருவர், தமிழர், நோட்டீஸுடன் வந்தார்.

"இங்க குடும்பம் மட்டுந்தாம்மா இருக்கலாம். எத்தனை பேரு?"

நாங்கள் ஐந்து பேர்.

"ஆறு" என்றாள் அம்மா. "ஆறாவது ஆள் பின்னாடி சட்டை போட்டு நிக்கிறா. வந்து எண்ணிக்கோங்க."

அவர் போனதும் நோட்டீஸைக் கொளுத்தித்தான் பசுவுக்கு வெந்நீர் போட்டாள்.

"அங்கிள்" என்ற குரல் என்னைப் பனிக்குத் திருப்பியது. காலனிச் செயலாளர் ரகு, டெல்லியில் பிறந்த தமிழர். "மாட்டை உள்ள விட்டா ஃபைன் தெரியுமில்ல?"

"தெரியும். நாளைக்கும் கட்டுவேன்."

"ஃபைனா, கோணியா?"

"ரெண்டையும்தான் பையா. ஜல்தி, சீக்கிரமா ரசீது எழுது."

கோணி எண்பது, கயிறு முப்பது, அபராதம் ஐந்நூறு. ஆக அறுநூற்றுப் பத்து ரூபாய்.