இருபத்தொரு பேரும் ஒரு வர்த்தமானியும்

என் கணவரிடம் ஒரு பெரிய குறை இருந்தது. அவருக்குப் பொய் சொல்ல வராது. கலியாணம் பேசும்போது இதை நல்ல குணம் என்று சொல்லித்தான் என் தலையில் கட்டினார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். அக்கராயனில் நெல் அரிவு வெட்டு மும்முரம். பக்கத்துக் குடியேற்றத்திலிருந்து இருபத்தொரு பெண்களை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனவரை ஒரு பொலிஸ்காரர் மறித்தார். பெட்டியில் ஆட்களை ஏற்றக்கூடாது என்று வீதிச் சட்டத்தைத் திருத்திவிட்டார்களாம். எத்தனை பேர் என்று அவர் கேட்க, இவர் கீழே இறங்கி, ஒருவரையும் விடாமல் எண்ணிச் சொன்னார்.

அபராதம் மட்டும் என்றால் எப்படியாவது கட்டிவிடலாம். லைசென்ஸையும் மூன்று மாதம் நிறுத்திவைப்பார்கள் என்று வழக்கு என்று கோட்டுப் பக்கம் போய்வந்தவர்கள் பயமுறுத்தினார்கள். ஊரில் பாதி வயலின் நெல் இவருடைய ட்ரக்டரில்தான் ஏறும். எங்கள் வீட்டு அடுப்பும் அதை நம்பித்தான் எரிந்தது. இவரோ, செய்தது செய்ததுதானே, ஒப்புக்கொள்ளுவோம் என்று அமைதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கோட்டில் காட்ட ஒரு நற்சான்றுக் கடிதம் வாங்குவதற்காகக் கிராம சேவகர் வீட்டுக்குப் போனேன். அவர் குளித்துவிட்டு வரும்வரை, கதிரைக்குப் பக்கத்தில் கட்டிவைத்திருந்த, புதுச் சட்டங்கள் அச்சாகி வரும் அரசாங்க வர்த்தமானிகளைப் புரட்டினேன். அந்தத் திருத்தம் ஒன்றில் இருந்தது. அதற்குக் கீழே, ஒருவரும் வாசிக்காத ஒரு வரியும் இருந்தது. அடுத்த மாதம் முதலாந் திகதி தொடக்கம்தான் இது நடைமுறைக்கு வரும். இவரைப் பிடித்ததோ அதற்கு ஐந்து நாள் முன்னதாக. இன்னும் பிறக்காத சட்டத்தில் ஆளைப் பிடித்திருக்கிறார்கள். கடிதத்தை மறந்துவிட்டு, வர்த்தமானியை இரவல் வாங்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தேன்.

வழக்கு அடுத்த மாதம் பன்னிரண்டாந் திகதி எடுக்கப்பட்டது. இவரே வர்த்தமானியை நீட்டினார். நீதவான் அதை வாசித்தார், பொலிஸ்காரரின் குறிப்பில் திகதியைப் பார்த்தார். அன்றைக்கு இந்தத் திருத்தம் செல்லுபடியாகாது, ஆகவே வழக்குத் தள்ளுபடி என்றார். எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. அப்போது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பின்வரிசை வாங்குகளில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்தார்.

“இவ்வளவு பேரும் எப்பிடி வந்தவை?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாட்சி சொல்ல ஆள் வேண்டும் என்று அந்த இருபத்தொரு பேரையும் விடியற்காலையில் திரட்டி, பெட்டியில் ஏற்றி, நானும் ஏறிக் குந்திக்கொண்டு வந்திருந்தேன். அந்த ஒரு வரியைக் கண்டுபிடித்த கெட்டிக்காரி நான்தான். சட்டம் பிறந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள். பெட்டி வெளியே மரநிழலில் நின்றது. இவரை மறித்த பொலிஸ்காரர் யன்னலால் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் வாயைத் திறந்தார். லைசென்ஸ் போயிற்று என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“போகேக்கை பஸ்ஸிலைதான் போவினம், ஐயா.”

நீதவான் குனிந்து நெடுநேரம் ஏதோ எழுதினார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார்.

பஸ் வர இரண்டு மணித்தியாலம் ஆயிற்று. இருபத்தொரு பேரும் முறைவைத்து என்னைத் திட்டினார்கள். நடுவில் என் கணவர் வெறும் பெட்டியோடு எங்களைக் கடந்துபோனார். நான் கையைக் காட்டினேன். மனுசன் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.